நட்டது ஒரு நாள்... காத்தது பதினைந்து நாள்!

முடி நடவு சிகிச்சையில் டாக்டரின் வேலை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். நட்ட முடி தங்குமா, தங்காதா என்பதில் அதற்குப் பிறகு வீட்டில் நடக்கும் கவனிப்புக்கும் பெரிய பங்கு இருக்கிறது. விளம்பரத்தில் ‘முன்பு’, ‘பின்பு’ என இரண்டு படங்கள்தான் இருக்கும். நடுவில் இருக்கும் இரண்டு வாரத்தை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை நடத்துகிறார் அந்த இளைஞர். வயது 32. முன்நெற்றி ஏறத் தொடங்கியது 24 வயதில். மூன்று இடங்களில் ஜாதகம் பொருந்தியது, போட்டோ பொருந்தவில்லை. மூன்றாவது இடத்தில், “மாப்பிள்ளைக்கு வயசு கூட இருக்குமோ?” என்று யாரோ கேட்டது அவர் காதிலேயே விழுந்தது. அதன் பிறகு தொப்பி இல்லாமல் அவரைப் பட்டறையில் யாரும் பார்த்ததில்லை.

வீட்டில், “சேஸிஸ் பார்க்கப் போறேன்” என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் போனார். சிகிச்சை முடிந்து, பெரிய துணித் தொப்பியோடு திரும்பினார். மாடி அறையிலேயே இருந்து சமாளித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. மூன்றாம் நாள் காலை, நெற்றி வீக்கம் இறங்கி இரண்டு கண்களும் இடுங்கிப் போயிருந்தன. காபி கொடுக்க வந்த அம்மா பதறிவிட்டார்.

“ஏஞ்சாமி, யாராச்சும் அடிச்சுப் போட்டாங்களா?”

வேறு வழியில்லை. சொன்னார். டாக்டர் கொடுத்த காகிதத்தையும் நீட்டினார். வீக்கம் இப்படி இறங்குவது வழக்கம்தான், சில நாளில் வடிந்துவிடும் என்று அதில் எழுதியிருந்தது. செலவைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன கண்ணு வெக்கம்?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் காகிதத்தில் இருந்ததற்கும் அந்த வீட்டுப் பழக்கத்துக்கும் ஒத்தே வரவில்லை. சனிக்கிழமை தவறாத எண்ணெய்க் குளியல் வேண்டாம். வழுக்கைக்கு அக்கம்பக்கத்தில் சொல்லும் சின்ன வெங்காயச் சாறு கூடாது. காயத்துக்கு மஞ்சள் பூசும் பேச்சே கூடாது. வெல்டிங் புகையும் பெயின்ட்டும் தூசியுமாக இருக்கும் பட்டறைப் பக்கம் போகக் கூடாது. ஹெல்மெட் தலையை அழுத்தும் என்பதால், டாக்டர் சொல்லும் வரை வண்டியையே எடுக்கக் கூடாது. சிகரெட், மது இரண்டும் இல்லை. முதல் சில இரவுகள் தலையை உயர்த்தி வைத்து, மல்லாந்துதான் படுக்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? பின்தலையிலிருந்து எடுத்து முன்னால் நடும் ஒவ்வொரு வேர்க்கட்டிலும் ஒன்று முதல் நான்கு முடிகள் வரை இருக்கும். ஊசித்துளை போன்ற சின்னக் காயத்தில் அதைச் செருகிவைக்கிறார்கள். தையல் கிடையாது. முதல் சில நாட்கள், உறைந்த ரத்தம்தான் பசைபோல அதைப் பிடித்து வைத்திருக்கும். அமெரிக்காவைச் சேர்ந்த பெர்ன்ஸ்டீன், ராஸ்மேன் என்ற இரண்டு டாக்டர்கள் இதைச் சோதித்து 2006-ல் எழுதினார்கள். முதல் இரண்டு நாட்களில் முடியைப் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடுகிறது. ஒட்டியிருக்கும் பொருக்கைப் பிய்த்தால், ஐந்தாம் நாள் வரைக்கும் வேரும் கூடவே வருகிறது. ஒன்பதாம் நாளுக்கு மேல் அந்தப் பயம் இல்லை.

இதைக் கேட்டதும் பலர் தலையைத் தொடவே பயப்படுவார்கள். அதுவும் தப்பு. கழுவாமல் விட்டால் ரத்தமும் நீரும் காய்ந்து பொருக்கு தடித்துவிடும். அடியில் அழுக்கு சேர்ந்தால் சீழ் பிடிக்கலாம். அழுத்தித் தேய்த்தாலும் ஆபத்து, பயந்து விட்டாலும் ஆபத்து.

முதல் கழுவலை எப்போது செய்வது என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும். இவருக்குச் சொன்னது மூன்றாம் நாள். உச்சந்தலை தன் கண்ணுக்கே தெரியாததால், அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். டாக்டர் கொடுத்த ஷாம்பூவை ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்கி, நுரையை மட்டும் அள்ளித் தலையில் மெல்ல ஒற்றினார். நகம் படவில்லை, தேய்க்கவில்லை. சில நிமிடம் ஊறவிட்டு, தண்ணீரைச் சொம்பிலிருந்து மெதுவாக வழியவிட்டார். ஷவருக்கு அடியில் தலையைக் காட்டவே இல்லை. நட்ட இடத்தில் துண்டு படாமல், தானாகக் காயவிட்டார். முடி எடுத்த பின்தலையும் காயம்தான். அதையும் அதே கவனத்தோடு கழுவினார். தினமும் இப்படியே நடந்தது.

பத்து நாளுக்குப் பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஊறிய பொருக்கை விரல் நுனியால் வட்டமாக மெல்லத் தேய்த்தார்கள். அது உமிபோல உதிர்ந்தது. அரிப்பு எடுத்த ராத்திரிகளில் மகன் தன்னையறியாமல் சொறிந்துவிடுவாரோ என்று அம்மா இரண்டு தடவை எழுந்து பார்த்ததுண்டு.

மூன்றாவது வாரம் தலையணை முழுக்க முடி. “போச்சா கண்ணு?” என்று அம்மாவின் கண் கலங்கியது. போனில் டாக்டர் சிரித்தார். நட்ட முடி முதல் சில வாரங்களில் கொட்டுவது இயல்பு. வேர் உள்ளேயே இருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் புதுசாக முளைக்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். மோகனூர்ப் பக்கம் பிறந்து, சின்ன வயதில் வயலில் இறங்கியவர் அம்மா. “நாத்து நட்டாலும் கொஞ்ச நாள் வெளுத்துத்தான் நிக்கும். அப்புறந்தான் பச்சை புடிக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முடி கொட்டினால் பொறுக்கலாம். ஆனால், காய்ச்சல், சீழ், நாளாக ஆக அதிகமாகும் வலி, தோல் கறுத்துப்போவது இவற்றைப் பொறுக்கக் கூடாது. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். 2016-ல் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்த செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு இந்தச் சிகிச்சையைச் செய்வதை ஏற்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொன்னது. விலை கேட்பதற்கு முன்னால், செய்பவர் பயிற்சி பெற்ற டாக்டர்தானா, பிறகு ஏதாவது என்றால் யார் போன் எடுப்பார் என்று கேட்பது நல்லது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கல்யாணம் கூடிவந்தால் மகனுக்குப் பழனியில் மொட்டை போடுவதாக அம்மா வேண்டியிருந்தார். நட்டு வளரும் தலையில் இப்போதைக்குக் கத்தி வைக்க முடியாது. கொஞ்சம் யோசித்தார். “முருகனுக்குத் தெரியாதா? நானே பூமுடி குடுத்துக்கறேன்” என்று முடித்துவிட்டார்.

ஐந்தாவது மாதத்தில், முன்நெற்றியில் பூனைமுடிபோல மெல்லியதாகக் கறுப்பு தெரிந்தது. அந்த வாரம் ராசிபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. எந்தப் போட்டோவை அனுப்புவது என்று அம்மா கேட்டார். “இப்ப எடுத்ததையே அனுப்பும்மா. சிகிச்சை செஞ்சிருக்கறதையும் முதல்லயே சொல்லிப்போடு” என்றார் மகன். பட்டறைக்குக் கிளம்பும்போது தொப்பியைத் தேடவில்லை.