விளக்கறை இல்லாத நிலையம்

சேத்தூருக்கு ரயில் நிலையம் கிடையாது. ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலை ஊரை ஊடறுத்துப் போகிறது. ரயில் பாதையோ கிழக்கே ஒதுங்கி, சோழபுரம், கரிவலம்வந்தநல்லூர் வழியாகச் சங்கரன்கோவிலை நோக்கிச் சென்றுவிடுகிறது. ரயிலைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு பயணம் போக வேண்டியிருந்த பிள்ளைகள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, ஐம்பது வயதைத் தொடும் தறுவாயில், எங்கள் மூவரில் ஒருவரது வீட்டு மச்சில் ஒரு ரயில் நிலையத்தைக் கட்டத் தொடங்கினோம்.

விருதுநகருக்கும் தென்காசிக்கும் இடையிலான மீட்டர் பாதை 1927-இல் திறக்கப்பட்டது. 2000-களின் முற்பாதியில் அது அகலப் பாதையானது. தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம் 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 மில்லிமீட்டராயிற்று. கூடியது இரண்டேகால் அடிதான் என்று கணக்குச் சொல்லும். ஆனால் அந்த இரண்டேகால் அடிக்காக நடைமேடைகள் உயர்ந்தன, கைகாட்டி மரங்கள் சாய்ந்தன, ஓட்டுக் கூரை வேய்ந்த சிறு நிலையக் கட்டடங்கள் பல இல்லாமற் போயின. அவற்றுள் ஒன்றைத்தான் நாங்கள் கட்ட விரும்பினோம். பெயர் இங்கே தேவையில்லை. அந்தத் தடத்தில் ஏறத்தாழ ஒரே முகச்சாயலில் பல நிலையங்கள் இருந்தன.

மாதிரி ரயில் உலகில் பெருவழக்காக இருப்பது எச்.ஓ. எனப்படும் அளவு. உண்மையை 87 மடங்கு சுருக்குவது. ஒரு மீட்டர் பாதை அதில் பதினொன்றரை மில்லிமீட்டராகும்; நடைமுறையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. அதை மட்டும் விலைக்கு வாங்கினோம். ஐரோப்பிய நிலையங்களும் அமெரிக்கக் கிடங்குகளும் பெட்டியில் அடைத்து விற்கப்படுகின்றன. பிரித்து ஒட்டினால் போதும். நம் ஊர் நிலையத்தை யார் பெட்டியில் போட்டு விற்கப் போகிறார்கள்? வெறுங்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெறுங்கை என்று சொல்வதும் முழு உண்மையன்று. இந்த வட்டாரமே ஒரு பொருட்கிடங்கு. சுவர்களுக்குச் சிவகாசி அச்சகங்களில் வெட்டியெறியும் கெட்டி அட்டை. சன்னல் சட்டங்களுக்குத் தீக்குச்சி. மலைக்கு, இராசபாளையம் பக்கத்துத் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி. கம்பிவலையின்மேல் அத்துணியைப் பாரிஸ் சாந்தில் நனைத்துப் போர்த்தினால், மேற்கே தினமும் நாங்கள் பார்க்கும் மலைத்தொடர் ஓர் இரவில் இறுகி நின்றுவிடுகிறது. உலகெங்கும் மாதிரி ரயில்காரர்கள் மலை செய்யும் முறையே இதுதான் என்று அறிந்தபோது எங்களுக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. கரிசல் மண்ணைச் சலித்துத் தூவினோம். வடித்த தேயிலைத் தூளைக் காயவைத்துக் காய்ந்த புல்லாக்கினோம்.

சிக்கல் அளவுகளில்தான் இருந்தது. வரைபடம் எதுவும் கையில் இல்லை. இருந்ததெல்லாம் எங்களில் ஒருவரது வீட்டுக் கல்யாணப் படம்: நிலையத்தின் முன்னே மணமக்களும் உறவினரும் நிற்க, பின்னே சுண்ணாம்பு பூசிய செங்கற் சுவர். இடிபாட்டிலிருந்து எடுத்து வந்த ஒரே ஒரு செங்கல் அவர் வீட்டுத் துளசி மாடத்துக்கு அண்டை கொடுத்திருந்தது. அதை அளந்தோம். சாந்தோடு சேர்த்து ஒரு வரி மூன்றேகால் அங்குலம். படத்தில் உருப்பெருக்கியை வைத்து வரிகளை எண்ணினோம், கூரையடிவரை 42. அப்படியானால் சுவரின் உயரம் ஏறத்தாழ பதினொன்றரை அடி. 87-ஆல் வகுத்தால் 4 சென்டிமீட்டர். அந்த எண் கிடைத்த இரவில் நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

மங்களூர் ஓட்டுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மை தீர்ந்த பேனா முனையால் தாளில் பள்ளம் கீறி, கீற்றுக் கீற்றாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு ஒட்டினோம். ஒரு வரிக்கு 50 ஓடு, பக்கத்துக்கு 12 வரி, இரு பக்கமும் சேர்த்து 1,200 ஓடுகள். பிறகு அவற்றை அழுக்காக்கினோம். இக்கலையில் கட்டுவதற்குச் சமமானது பழமையாக்குவது. கலிபோர்னியாவின் மாண்டரேயில் வாழ்ந்த ஜான் ஆலன் இதில் முன்னோடி. கட்டடங்களில் மழையும் புகையும் காலமும் படிந்த கறைகளைக் கொணர்ந்து, மாதிரி ரயிலை விளையாட்டுப் பொருளிலிருந்து ஓவியத்தின் பக்கம் நகர்த்தியவர். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். பத்தே நாளில் அவரது வாழ்நாள் உழைப்பான அந்தச் சிற்றுலகம் தீயில் அழிந்தது. நாங்கள் தூரிகையைத் தொடும்போதெல்லாம் அந்தத் தீ நினைவுக்கு வரும்.

வேலை முடிந்ததாக நாங்கள் நம்பிய நாளில், எங்களில் ஒருவரின் தாய்மாமாவை அழைத்து வந்தோம். அந்தத் தடத்தில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டிருந்தது. கறைகளும் வண்ணங்களும் அவருக்கில்லை. கைகளைப் பிடித்துக் கூரையின்மேல் வைத்தோம். விரல்கள் ஓட்டு வரிகளில் மெல்ல இறங்கின. "ஓடு" என்றார். சன்னலைத் தொட்டார். மணி தொங்கும் இடத்தைத் தேடிக் கண்டார். பிறகு கட்டடத்தின் பின்மூலையைக் கடந்து விரல்கள் வெறும் பலகையில் துழாவின.

"எல்லாஞ் சரிதாம்ப்பா. லேம்ப் ரூம எங்க காணோம்?"

எங்களிடம் பதில் இல்லை. கைகாட்டிகளுக்கான விளக்குகளில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி நறுக்கி, அந்திக்கு முன்னே கொண்டுபோய் மரத்தில் ஏறி மாட்டி வருவதும் அவரது பணிகளுள் ஒன்றாக இருந்திருக்கிறது. அந்த விளக்குகளுக்கு ஓர் அறை இருந்தது. எங்கள் நினைவில் அது இல்லை. படத்தில் அது இல்லை. விளக்கறையின் முன்னே நின்று யாரும் கல்யாணப் படம் எடுத்துக்கொள்வதில்லை. நாங்கள் கட்டியிருந்தது வந்து போகிறவர்களின் நிலையம். இருந்து உழைத்தவர்களின் நிலையம் அன்று. 42 வரிச் செங்கலைப் பிழையின்றி எண்ணியவர்களுக்கு ஓர் அறை முழுதாக விடுபட்டது தெரியவில்லை.

அளவு கேட்டோம். "உள்ள நின்னு கைய நீட்டுனா ரெண்டு செவரும் தட்டும்" என்றார். அவரை நிற்கவைத்துக் கைகளை விரிக்கச் சொல்லி அளந்தோம்: ஐந்தரை அடி. சுருக்கினால் 19 மில்லிமீட்டர். கதவு? "குனிஞ்சுதான் போவணும்." கூரை? "மழ பேஞ்சா பக்கத்துல பேசுறது கேக்காது." ஆகவே தகரம். ஈயத்தாளைப் பேன்சீப்பின் பற்களில் வைத்து அழுத்தி நெளிவுகள் எடுத்தோம். அந்த அறைக்கு நாங்கள் கண்ட ஒரே வரைபடம் அவருடைய உடல்தான்.

ஒரு வாரத்தில் முடித்தோம். உள்ளே, கடுகளவு பஞ்சில் ஒரு துளி மண்ணெண்ணெய் நனைத்து வைத்தோம். அதைச் செய்யலாமா என்று எங்களுக்குள் விவாதம்கூட நடந்தது. மலிவான உத்தி என்றார் ஒருவர். மாமா குனிந்து முகத்தை அருகே கொண்டுபோனார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "திரிய இன்னும் நறுக்கல போலருக்கே" என்றார். சிரித்தாரா என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எங்கள் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதையும் சிற்றில் சிதைக்க வேண்டாம் என்று கண்ணனிடம் கெஞ்சுவதற்கே அளித்திருக்கிறாள். முதுகு நோக நோக மணலில் இழைத்த வீடு அது. பிள்ளைத்தமிழில் அதற்கென்று ஒரு பருவமே உண்டு. சிதைவதற்காகவே கட்டப்படுகிறது என்று தெரிந்தும் சிற்றில் ஏன் அவ்வளவு கவனத்தோடு இழைக்கப்படுகிறது என்ற கேள்வி எங்களுக்கு முன்பு இருந்தது; இப்போது இல்லை. இழைக்கும்போதுதான் எது விடுபட்டது என்று தெரியவருகிறது.

மாமா அடுத்த மார்கழியில் காலமானார். அட்டைக்குச் செல்லரிக்கிறது, மலையில் ஓரிடம் விரிசல் விட்டிருக்கிறது. நாங்கள் இன்னும் சனிக்கிழமை மாலைகளில் மச்சுக்கு ஏறுகிறோம். இப்போது யார் வந்து பார்த்தாலும் நிலையத்தை அதன் பின்மூலையிலிருந்துதான் காட்டத் தொடங்குகிறோம்.