பட்டணத்து மருத்துவமனையைத் தேடி

காவிரி பாயும் நாட்டில் பயணம் செய்வோர் கோபுரங்களையும் வயல்களையும் கண்டு மகிழ்ந்து செல்வர். இம்முறை நாம் மருத்துவமனைகளைப் பார்த்துச் செல்வோம். அதற்குக் காரணம் உண்டு. கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி ஆகிய ஊர்ப்புறங்களில், செவிலியர் படிப்பு முடித்த பெண் இருக்கும் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "எந்தப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம்?" என்பதே. மாப்பிள்ளை தேடும்போது குலம், குணம், கடன், கைப்பழக்கம் எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கும் நாம், மகள் இரவும் பகலும் உழைக்கப் போகும் இடத்தைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்குகூட விசாரிப்பதில்லை. கட்டடத்தின் உயரத்தை அண்ணாந்து பார்த்து, அங்கேயே சேர்த்துவிட்டுத் திரும்புகிறோம்.

நம் பகுதியில் இந்த விசாரணைக்குத் தேவை அதிகம். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. ஜூன் 12ஆம் நாள் மதகு திறந்தால் குறுவை உண்டு. திறப்பு தள்ளிப்போனால் சம்பா ஒன்றே கதி. அந்தக் கணக்கில் வாழும் குடும்பம் மகளின் படிப்புக்குக் கடன் வாங்கும்போது எந்தப் போகத்தை நம்பி வாங்குகிறது என்பது அக்குடும்பத்துக்கே வெளிச்சம். 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. புதுக் கன்று காய்க்கும் வரையில் அங்கே பல வீடுகளில் நிச்சயமாகக் கைக்கு வந்த பணம், வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளின் சம்பளமே. ஆகவே அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, என்ன விலை கொடுத்து வருகிறது என்று கேட்பது வீண் ஆராய்ச்சி ஆகாது.

தஞ்சையிலேயே தொடங்குவோம். நகரின் நடுவே நிற்கிறது இராசா மிராசுதார் மருத்துவமனை. அரசரும் நிலக்கிழார்களும் பொருள் தந்து எழுப்பிய பத்தொன்பதாம் நூற்றாண்டு அறச்சாலை என்பதைப் பெயரே சொல்லும். மகப்பேறும் குழந்தை மருத்துவமும் இன்று அங்கே முதன்மையானவை. அதிகாலையில் அதன் வாயிலில் சற்று நின்று பாருங்கள். ஒரத்தநாட்டிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் வந்த பாட்டிமார், ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் வெந்நீர்ப் பிளாஸ்க்குமாகக் காத்திருப்பர். உள்ளேயிருந்து வெள்ளையுடுப்புப் பெண் ஒருத்தி வந்து, "தாயும் பிள்ளையும் நலம்" என்று சொன்னால் போதும். அவள் வயது இருபத்திரண்டே ஆனாலும் அக்கணம் அவள்தான் அவர்களுக்கு எல்லாம்.

1950களின் இறுதியில் தோன்றிய தஞ்சை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு வேறு முகம். வரப்பில் பாம்பு தீண்டியவர்களும், மனம் வெறுத்துப் பூச்சிமருந்து குடித்தவர்களும் வந்து சேருமிடம் அது. எதிர்நஞ்சு ஏற்றத் தொடங்கிய முதல் நிமிடங்களில் நோயாளியின் முகத்தில் எதைக் கவனிக்க வேண்டும், மூச்சு திணறினால் மருத்துவரை அழைக்குமுன் கை எதைச் செய்ய வேண்டும் என்பதை அங்கே பழகிய பெண் அறிவாள். பட்டணத்துப் பளிங்குத் தரையில் ஐந்தாண்டு நடந்தும் இந்த அறிவு வாய்க்காதவர் உண்டு. பட்டணம் போவதென்று முடிவு செய்தாலும், ஓராண்டேனும் இத்தகைய இடத்தில் கைப்பழகிவிட்டுப் போவது நன்று என்பது என் கருத்து.

அரண்மனைக்குள் இருக்கும் சரசுவதி மகால் நூலகத்தையும் எட்டிப் பார்த்துவிடலாம். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர், தன்வந்திரி மகால் என்றொரு மருத்துவ ஆய்வுக்கூடம் நடத்தியவர். அவர் காலத்தில் கண்நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையைப் பற்றிய குறிப்புகள் இந்நூலகத்தில் உள்ளன. நோயாளி இன்னார், நோய் இன்னது, கொடுத்த மருந்து இது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரு நூறு ஆண்டுக்கு முன்னரே இந்த ஒழுங்கு நம் ஊரில் இருந்தது. இன்றைக்கும் ஒரு மருத்துவமனையின் தரத்தை அறிய இதைவிட நல்ல உரைகல் இல்லை. இரவுப் பணி முடித்த செவிலி, காலையில் வருபவளிடம் ஒவ்வொரு படுக்கையாக நின்று ஏட்டைக் காட்டி ஒப்படைக்கிறாளா, அல்லது ஓடும் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறாளா? முன்னது நடக்கும் இடத்தில் மகள் தொழில் கற்பாள். பின்னது நடக்கும் இடத்தில், என்றோ ஒருநாள் வேறு யாரோ செய்த தவறுக்கு அவள் பதில் சொல்ல நேரும்.

நிற்க. தஞ்சையிலிருந்து குடந்தை, மயிலாடுதுறை வழியாகச் சென்னைக்குச் செல்லும் இரவு வண்டிக்கு உழவன் என்று பெயர். உழவன் மகள் உழவனில் ஏறித்தான் பட்டணம் போகிறாள்! தலையணைக்கடியில் சான்றிதழ்ப் பையை வைத்துக்கொண்டு உறங்காமல் படுத்திருக்கும் பெண்களை அவ்வண்டியில் காணலாம்.

சென்னையில் எழும்பூரில் 1844இல் தோன்றிய மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து சிறிது தொலைவில், சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே, பெரியாஸ்பத்திரி என்று நம் முன்னோர் அழைத்த அரசு பொது மருத்துவமனை. 1664இல் கோட்டைக்குள் சிறு அளவில் தொடங்கி, 1772இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்று 1871இலேயே அங்கே தோன்றிற்று. ஆனால் அரசு மருத்துவமனையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அதுதான் நம்மைத் தேர்ந்தெடுக்கும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகவே நுழைய வேண்டும். நுழைந்தவர் பாடும் எளிதன்று. 2015இல் தேர்வு பெற்றவர்களுக்கு முதலில் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டையில் திரண்டு அமர்ந்ததை நாளேடுகளில் பலர் படித்திருப்பீர்கள்.

கிரீம்ஸ் சாலையில் அப்போலோ மருத்துவமனை 1983இல் திறக்கப்பட்டது. அதன்பின் பெருந்தனியார் மருத்துவமனைகள் நகரெங்கும் பெருகின. பெரும்பாலோர்க்கு வேலை கிடைப்பது இத்தகைய இடங்களில்தான். வளைகுடா நாடுகளுக்குச் செல்ல எண்ணும் பெண்கள், படுக்கை மிகுந்த மருத்துவமனையில் பெற்ற அனுபவச் சான்றை நாடியும் இங்கு வருகிறார்கள். அவ்வெண்ணத்தில் குறையில்லை. எனினும், பெற்றோர் வரவேற்பு மண்டபத்தோடு திரும்பிவிடலாகாது. பார்வையாளர் நேரத்தில் மாடி ஏறிப் பொதுப்பிரிவைக் காணுங்கள். இரவில் எத்தனை நோயாளிகளுக்கு ஒருத்தி என்று அங்குள்ள பெண்களையே கேளுங்கள். பொதுப்பிரிவில் ஆறு படுக்கைக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒரு படுக்கைக்கு ஒருவர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவு. பன்னிரண்டு, பதினைந்து என்ற பதில் வந்தால், அங்கே மருந்து கொடுக்கத்தான் நேரமிருக்கும். நோயாளியின் முகத்தைப் பார்க்க நேரமிராது. ஊசி குத்திக் காயம்பட்டால் என்ன ஏற்பாடு, மஞ்சட்காமாலை பி வகைத் தடுப்பூசியை நிர்வாகமே போடுகிறதா என்பதையும் கேட்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊதியத்தைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன் பேரில் அமைந்த வல்லுநர் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்டவை அரசுச் செவிலியர்க்கு இணையாகத் தரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரளம் 2018இல் குறைந்தபட்ச ஊதிய ஆணை பிறப்பித்தது. மற்றபடி, பரிந்துரை என்பது ஏட்டுச் சுரைக்காய். ஆயினும் அந்த எண்களை அறிந்தவளாக நேர்காணலில் அமர்வது நல்லது.

எல்லாவற்றினும் பெரிது கையெழுத்து. இரண்டாண்டு விலகமாட்டேன், விலகினால் இவ்வளவு தொகை என்று எழுதி வாங்கும் வழக்கம் உண்டு. அதனுடன் மூலச் சான்றிதழ்களையும் வாங்கிப் பூட்டிக்கொள்வார் உளர். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், தாய் படுக்கையில் விழுந்ததால் வேலையை விட்ட மகளின் சான்றிதழ்களை மீட்க, பட்டணத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்தார். கடைசியில் ஒரு மா நிலத்தை ஒற்றி வைத்த பணத்தைக் கட்டித்தான் அவை கைக்கு வந்தன. பணிப் பிணை முறை கூடாதென்று இந்தியச் செவிலியர் குழுமமே கூறியிருக்கிறது. "நகலைத் தருகிறோம், மூலத்தைக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்கிறோம்" என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். அதற்கு இசையாத இடம் எத்தனை மாடி உயர்ந்தாலும் வேண்டாம்.

சென்னைதான் என்பதில்லை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இலேயே செவிலியர் பள்ளியைத் தொடங்கினார்; மருத்துவப் பள்ளி 1918இல் அதற்குப் பின்னரே வந்தது. பெங்களூரில் நல்லாயன் சபைக் கன்னியர் 1886இல் நிறுவிய புனித மார்த்தா மருத்துவமனையும், 1963இல் தோன்றிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியும் நம்மவர் பலர் அறிந்தவை. ஆனால் பழம்பெயரோ திருப்பெயரோ இருந்தால் விசாரணை வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. மேற்சொன்ன கேள்விகளை அங்கும் கேட்கத்தான் வேண்டும்.

சென்னை சென்றவர்கள் சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் போக நேரும். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் அங்கேதான் இருக்கிறது. அதில் பதிவு செய்த பிறகே அவள் சட்டப்படி செவிலி. பதிவைக் கேளாமலே வேலை தர முன்வரும் இடத்தை அப்போதே ஐயுறலாம். தங்குமிடத்தையும் நேரில் பாருங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளிர் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். உரிமத்தைப் பார்த்தபின், இரவுப் பணி முடித்து வருபவள் பகலில் கண்ணயர இடமுண்டா, அத்தெருவில் விளக்கு எரிகிறதா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. பட்டணத்தில் சில ஆண்டு பழகி, தேர்வெழுதி, இவற்றுக்கே பணியமர்ந்து திரும்புவோரும் உளர். கீழையூர்ப் பக்கம் பாம்பு கடித்துக் கொண்டுவரப்படும் நாற்று நடவுப் பெண்ணிடம், "எந்த வயலம்மா, எப்படி இருந்தது பாம்பு?" என்று அவள் பேச்சிலேயே கேட்கக் கூடியவர்கள் அவர்கள்.