பற்கடிப்பு



இரவில் நான் பற்களை நறநறவென்று கடிப்பதாக என் மனைவி சொன்னபோதெல்லாம் நான் நம்பவில்லை. கடைவாய்ப்பல்லின் ஓரம் உடைந்தபின்புதான் தருமபுரியில் ஒரு பல் மருத்துவரிடம் சென்றேன். ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த நம் மாவட்டத்தார் பலரைப்போல, என் பற்களின் எனாமலும் பழுப்பேறிக் குழிவிழுந்திருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. எனாமலோ சிறுவயதிலேயே உருவாகிவிடுகிறது. அத்தகைய பல் கடித்தால் எளிதில் சிதையும் என்றார்.

இரவில் அணிய ஓர் உறை செய்து தந்தார். "இது பல்லைக் காக்கும், கடிப்பதை நிறுத்தாது. பகலில் உதடுகள் மூடியிருந்தாலும் பற்கள் ஒன்றையொன்று தொடாதிருக்கட்டும். மனதில் ஏதேனும் பாரம் உண்டா, ஐயா?" என்று கேட்டார்.

பதில் சொல்லக் கூசினேன். நிலப்பங்கு காரணமாக என் தம்பியோடு இரண்டு வருடங்களாக நான் பேசவில்லை. சமாதானத்தைக் குறித்தோ வாரந்தோறும் பிரசங்கித்தேன். அன்றிரவு நான்காம் சங்கீதத்தை வாசித்து, அவனை அழைத்தேன். பேச்சு சுருக்கமாகவே முடிந்தது. உறையை இன்றும் அணிகிறேன்.

தாடை வலியோடு விழிப்பவர்களே, மருத்துவரைக் காணத் தாமதியாதிருங்கள். ஒருவரோடு பேசாதிருந்தால், அதற்கும் தாமதியாதிருங்கள். கர்த்தர் உங்களுக்குச் சமாதானமான நித்திரையைத் தருவாராக.