மூன்றாவது வரிசையில் அம்மா

மஞ்சள் விற்ற பணம் கையில் இருந்தது. வீட்டில் ஏழு பேர். ஏழு இருக்கை வண்டி பார்க்க அம்மாவோடு ஈரோடு போனேன். விற்பனையாளர் தொடுதிரையையே காட்டிக்கொண்டிருந்தார். நான் நடு இருக்கையை மடக்கி அம்மாவைப் பின்வரிசையில் ஏற்றினேன். மூட்டுவலிக்காரர். முழங்கால் நெஞ்சை முட்ட, "கண்ணு, இதுலயா என்னைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ?" என்றார். கையோடு கொண்டுபோன 25 கிலோ அரிசி மூட்டையைப் பின்னால் வைத்தேன், கதவு மூடவில்லை. பின்வரிசையை மடக்கினால் மூட்டை தாராளமாகப் போகிறது, ஆனால் ஐந்து பேர்தான் போகலாம்.

"சின்ன வண்டி பாருங்க சார், வரி குறைவு" என்றார். உண்மைதான். நான்கு மீட்டருக்குள், 1,500 சி.சி.க்குள் இருக்கும் டீசல் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், பெரிய வண்டிக்கு 40. அதில் பின்னிருக்கைகள் எதிரெதிராக இருந்தன, பெல்ட்டும் இல்லை. அங்கே உட்காரப்போவது பிள்ளைகள்.

முன்பணம் கட்டாமல் திரும்பினோம். அடுத்த வாரம் இன்னொரு கடைக்குப் போகிறோம். அரிசி மூட்டை திண்ணையிலேயே இருக்கிறது.