அசரியா ஐயாவுக்கு ஒரு கடன்காரியின் மடல்

அன்புள்ள அசரியா ஐயா,

1945 ஜனவரி முதல் தேதி தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் அத்தியட்சராக இருந்த நீங்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது என் அம்மாவே பிறந்திருக்கவில்லை. ஆனாலும் உங்களுக்கு மடல் எழுத எனக்கு உரிமை உண்டென்றே நினைக்கிறேன். நீங்கள் பிறந்த வெள்ளாளன்விளையும் எங்கள் ஊரும் ஒரே தேரிக்காட்டுச் செம்மண்தான். கிராமத்துச் சபைகளுக்காகவே வாழ்ந்து தீர்த்த உங்கள் அப்பாவைப் போன்ற குருவானவர்கள் வளர்த்த ஒரு சபையில்தான் எனக்கும் ஞானஸ்நானம். நம் பக்கத்து ஆட்கள் சாட்சிக் கூட்டத்தில் ஆண்டவருக்கு மணிக்கணக்கில் நன்றி சொல்லுவோம். மனிதருக்குச் சொல்லத்தான் நா எழாது. அதனால்தான் இதை எழுதியே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஐயா, 1902-ல் நீங்கள் யாழ்ப்பாணம் போனீர்களே, என் கடன் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்போது உங்களுக்கு இருபத்தெட்டு வயது, ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து, கடலுக்கு இந்தப் பக்கம் தொண்டியில் ஊழியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த உங்களுக்குத் தூக்கம் போயிருக்க வேண்டும். திருநெல்வேலியில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சுவிசேஷம் இருந்தது. வானத்தைத் தொடும் கோயில் கோபுரங்கள் இருந்தன. பள்ளிக்கூடம், விடுதி, ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. நம்மில் ஒருவரை வெளியே அனுப்பும் எண்ணம் மட்டும் இல்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்தான், வெள்ளைக்காரனே கொண்டுபோவான் என்று இருந்துவிட்டோம். அடுத்த வருஷம், 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் (ஐ.எம்.எஸ்.) பிறந்தது. ஆள் நம்முடையவர், பணம் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது. போக வேண்டிய இடமாக நிஜாம் ராஜ்ஜியத்துத் தெலுங்கு நாட்டைத் தேர்ந்தீர்கள். மொழி தெரியாது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, சொந்தபந்தம் ஒருவரும் இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்குக் கடன் தீர்க்கப் போகலாம் என்று எங்களுக்குக் காட்டியது நீங்கள்தான்.

அசரியா ஐயா, உங்கள் சங்கத்தின் பெயரை நான் முதலில் தெரிந்துகொண்டது ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவிலிருந்து. எங்கள் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம், களைந்த அரிசியிலிருந்து அல்ல, களையும் முன்பே அளந்த அரிசியிலிருந்து ஒரு கை அள்ளி அந்த டப்பாவில் போடுவாள். வீட்டில் ஆள் அதிகமாக வந்த நாளிலும் அந்தப் பிடி குறையாது. எங்கள் பங்கில்தான் குறையும். ஞாயிற்றுக்கிழமை டப்பா கோயிலுக்குப் போகும், அங்கே ஏலம் போடுவார்கள், காசு ஐ.எம்.எஸ்.-க்கு. ஆச்சிக்குப் படிப்பு கிடையாது. தெலுங்கு நாடு எந்தத் திசை என்று கேட்டால் கோயில் இருக்கும் திசையைக் காட்டுவாள். ஆனால் அங்கே யாரோ ஒரு உபதேசியார் சாப்பிடும் சோற்றில் தன் அரிசியும் இருக்கிறது என்பதில் அவளுக்கு இருந்த பெருமை சாதாரணமானதல்ல. உங்கள் தோர்ணக்கல் சபைகளிலும் பெண்கள் இதே போலப் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். கூலி வேலைக்குப் போய் அன்றன்றைக்கு அரிசி வாங்கியவர்கள் அவர்கள். ஆச்சி இருந்தால் அவர்களைச் சொந்தக்காரிகள் என்றிருப்பாள்.

ஐயா, 1909-ல் நீங்கள் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டுவிட்டுக் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்கே குடியேறினீர்கள். சங்கத்தின் செயலாளராக இருந்து மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தாலே போதும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஊர் ஊராகப் போய் மற்றவர்களை வாருங்கள் என்று கூப்பிட்ட ஆள், கடைசியில் தானே மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினீர்கள். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடி. மூன்றே வருஷத்தில், 1912 டிசம்பரில், கல்கத்தாவில் உங்களை அத்தியட்சராக அபிஷேகம் பண்ணினார்கள். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். புத்தகங்கள் அதைத்தான் பெரிதாகப் போடுகின்றன. எனக்கு அந்த ரயில் பயணம்தான் பெரிது.

அன்பு மாரியம்மாளின் கணவரான ஐயாவே, அம்மாவை விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் நன்றி சொன்னால் அது நன்றியாகாது. பெண்கள் கல்லூரிப் படி ஏறுவதே அபூர்வமாக இருந்த காலத்தில் ஏறியவர் அவர். 1898-ல் வரதட்சணை வாங்காமல் அவரைக் கைப்பிடித்தீர்கள். நம் ஜில்லாவில் இன்றைக்கும் கல்யாணப் பேச்சில் பவுன் கணக்குத்தான் முதலில் வருகிறது. ஜெபம் பண்ணிவிட்டுத்தான் அந்தக் கணக்கையும் பேசுகிறார்கள். சுவிசேஷம் அறிவிக்கிறோம் என்று ஊருக்குள் போகிறவர்களை ஊர் இந்த இடத்தில்தான் உரைத்துப் பார்க்கிறது. நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பிரசங்கிக்கும் முன்பே அதற்குப் பதில் சொல்லிவிட்டீர்கள்.

அத்தியட்சர் ஐயா, இனி சொல்லப்போவதுதான் என் பெரிய கடன். தோர்ணக்கல் கிராமங்களில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, புதிதாக வந்தவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலையிலேயே வைக்கச் சொல்லுவீர்களாம். தண்ணீர் இன்னும் காய்ந்திராத தலை. கையை வைத்தபடியே, தான் ஞானஸ்நானம் பெற்றவன் என்றும், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தனக்கு ஐயோ என்றும் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்ல வேண்டும். யார் அவர்கள்? பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே குடியிருக்க வைக்கப்பட்டவர்கள், தோல் வேலையும் பண்ணைக் கூலியும் தலைமுறையாகச் சுமந்தவர்கள். எழுத்தறிவு இல்லை, நிலம் இல்லை, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க அனுமதி இல்லை. அவர்களிடம் உலகம் உழைப்பைத் தவிர எதையும் கேட்டதில்லை. அவர்களுக்கு இரக்கப்பட்டுக் கொடுக்க வந்தவர்கள் இருந்தார்கள். உன்னிடம் எனக்குத் தர ஒன்று இருக்கிறது என்று சொன்னவர் யாரும் இருந்ததில்லை. நீங்கள் முதல் நாளிலேயே அதைச் சொன்னீர்கள். இனி உன் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நீதான் பொறுப்பு, பள்ளிக்கூடம் போய்ப் படித்து வந்தபிறகு அல்ல, இன்றைக்கே, இந்தத் தண்ணீர் காய்வதற்குள். சுவிசேஷம் சொல்லும் பொறுப்பை ஒரு சுமையாகவே கேட்டு வளர்ந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அது எப்போதும் ஒரு அதட்டலாகவே வரும்: எத்தனை பேரிடம் சொன்னாய், ஆண்டவர் கணக்குக் கேட்பார். அதே பொறுப்பு ஒருவரை நிமிர்ந்து நிற்கவைக்கும் மரியாதையாகவும் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவந்தது உங்கள் தோர்ணக்கல்லில்தான். கொடுக்கிறவன் எப்படிக் கீழே நிற்க முடியும்?

ஐயா, அந்த மக்கள் என்ன சொன்னார்கள் என்பதைவிட எப்படி மாறினார்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டே இருந்தது. 1930-களில் நிலமும் சாதியும் உள்ளவர்கள், அவர்களைத் தெருவுக்குள் விடாத அதே ஆட்கள், சபைக்கு வரத் தொடங்கினார்கள். காரணம் கேட்டவர்களுக்கு நீங்கள் உங்கள் பிரசங்கத்தையோ மிஷன் பள்ளிக்கூடத்தையோ காட்டவில்லை. சேரிகளில் மாறிப்போன வாழ்க்கையைக் காட்டினீர்கள். வருஷத்துக்கு ஒரு வாரம் சாட்சி வாரம் என்று வைத்து, உபதேசியார் மட்டுமல்ல, சபையார் எல்லோரும் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போக வேண்டும் என்றீர்கள். இங்கே இப்போது பண்டிகைக் காலத்தில் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி கட்டி, தூங்கும் ஊரை எழுப்பி நற்செய்தி சொல்கிறார்கள். ரயிலில் தூங்குகிறவர் மடியில் துண்டுப்பிரசுரத்தை வைத்துவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப்போகிறார்கள். அவர்கள் வைராக்கியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இறங்கிப்போகிறவருக்கு, வாங்கினவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பு இல்லாமல் போய்விடுகிறதே. நீங்கள் அனுப்பியவர்கள் மறுநாள் காலையில் அதே வயலில் அதே ஆளோடு நாற்று நட வேண்டியவர்கள்.

அசரியா ஐயா, 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாட்டில் நீங்கள் பேசியதற்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்த சபையில், அவர்கள் செய்த தியாகத்துக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு அதோடு நட்பும் வேண்டும் என்று கேட்டுவிட்டீர்கள். கேட்டவர்களில் பலருக்கு முகம் சுருங்கியதாம். நான் வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். பக்கத்து நாற்காலிக்காரி திருச்செந்தூர் முருகனுக்கு விரதம் இருக்கிறவள். வெள்ளிக்கிழமை அவள் கொண்டுவரும் பஞ்சாமிர்தத்தை வைத்தே எங்கள் பேச்சு ஆரம்பித்தது. அவள் மகனுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது, உன் சாமியிடம் நீ என்ன சொல்லுவாய் என்று அவளே கேட்டாள். சொன்னேன். நான் என்ன நம்புகிறேன், எதில் தடுமாறுகிறேன், எதை விட முடியாது என்று எல்லாம் சொன்னேன். அவள் இன்றும் விரதம் இருக்கிறாள். நாங்கள் இன்றும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம். அவளிடம் பேச எனக்கு வாய் வந்தது, உங்கள் எடின்பரோப் பேச்சைப் படித்திருந்ததால்தான்.

ஐயா, காந்தியடிகளே உங்கள் பணியைக் கண்டித்து எழுதிய நாட்கள் உண்டு. ஏழைகளைக் கூட்டமாக மதம் மாற்றுவது அவருக்குப் பிடிக்கவில்லை. நீங்களோ தேசத்தை நேசித்தவர். ஆனாலும் ஒருவன் தான் கண்டுகொண்டதைச் சொல்லவும், கேட்டவன் அதை ஏற்கவும் உள்ள சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதே சமயம் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றும் நின்றீர்கள். ஆள் சேர்த்தால் ஓட்டு சேரும் என்று ஊர் நினைத்துவிட்டால், பிறகு யார் சொல்லும் சாட்சியை யார் நம்புவார்கள்? நீங்கள் போய் ஐந்து வருஷம் கழித்து வந்த நம் அரசியல் சாசனம் 25-ஆவது பிரிவில் மதத்தைப் பரப்பும் உரிமையைத் தந்தது. 1977-ல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்றது. இரண்டையும் வைத்துக்கொண்டு நம் ஆட்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: சொல்வதுதான் என் வேலை; மனதைத் திருப்புவது ஒருகாலும் மனிதர் வேலையாக இருந்ததில்லை. நீதிமன்றம் சொல்லாவிட்டாலும் அது அப்படித்தான்.

ஐயா, 1939-ல் பிரதிஷ்டை ஆன உங்கள் தோர்ணக்கல் பேராலயத்தின் படத்தைப் பார்த்திருக்கிறேன். மசூதியின் குவிமாடம், இந்துக் கோயில்களின் தூண், நடுவில் சிலுவை. இங்கிலாந்திலிருந்து அச்சு வார்த்துக் கொண்டுவராமல் அந்த ஊர் கண்ணுக்குப் பழகிய வடிவத்திலேயே கட்டவைத்தீர்களே, அதற்கும் நன்றி.

ஐயா, கடைசியாக ஒன்று. எங்கள் சபையில் இந்த வருஷம் திடப்படுத்தல் வகுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கை தூக்கினாள்.

“அக்கா, என் ஃப்ரெண்டுகிட்ட இதெல்லாம் சொன்னா அவ என்கூடப் பேசாம போயிட்டா?”

எடின்பரோவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப முதல்ல நல்ல ஃப்ரெண்டா இருந்தாப் போதும், அவ்வளவுதானக்கா?” என்றாள். முகத்தில் பெரிய நிம்மதி.

“அவ்வளவுதான் இல்ல” என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. மீதியை வரும் ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லியாக வேண்டும். அதனால்தான் உங்கள் பழைய பேச்சுகளை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடன்காரி