பூமி தலைகீழாகச் சுற்றிய கதை

ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. வீட்டில் பேரனோடு சின்ன மனஸ்தாபம். தப்பு என் மேல்தான். அவனைத் திட்டியதை நாலு பேர் கேட்டார்கள், அதனால் இதையும் நாலு பேர் அறிய எழுதுகிறேன்.

பேரன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்குத் தானாகச் சுழலும் பூமி உருண்டை செய்கிறான். அதற்கு ஒரு ஸ்டெப்பர் மோட்டார். ஒரு துடிப்புக்கு 1.8 டிகிரி திரும்பும், 200 துடிப்புக்கு ஒரு முழுச் சுற்று. துடிப்பைச் சொல்வது ஆர்டுயினோ. ஆனால் மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. நடுவில் ஏ4988 என்ற டிரைவர் பலகை, தபால்தலை அளவுதான்.

மோட்டாரில் நான்கு வயர். எதற்கு எது ஜோடி என்று பார்க்க மல்ட்டிமீட்டர் தேடினேன். அவன் இரண்டு வயர் முனைகளைச் சேர்த்துப் பிடித்து, அச்சைக் கையால் திருப்பினான். இறுகினால் இரண்டும் ஒரே சுருள். 34 வருடம் பாடம் நடத்திய எனக்கு இது தெரியாது!

சண்டை வந்தது 12 வோல்ட்டில். மோட்டார் விவரத்தில் 1.7 ஆம்பியர், 1.5 ஓம் என்று இருந்தது. ஓம் விதி போட்டேன்: 2.55 வோல்ட். "12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர் ஓடும், கருகிப்போகும். என் போன் சார்ஜரே போதும்டா" என்றேன்.

"5 வோல்ட் பத்தாது தாத்தா, மோட்டார் பக்கம் 8 வோல்ட்டாவது வேணும். டிரைவரே கரண்ட்டை அளந்துக்கிட்டு இருக்கும். நாம வச்ச அளவு வந்ததும் வெட்டிடும், மறுபடி கொடுக்கும்." பலகையிலிருந்த குட்டித் திருகைத் திருப்பி 0.8 வோல்ட் வைத்தான். அவன் பலகைக்கு அது 1 ஆம்பியர் என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மோட்டார் அழகாகச் சுற்றியது. ஆனால் பூமி கிழக்கிலிருந்து மேற்காக! எனக்குப் பொறுக்குமா? ஒரு சுருளின் இரண்டு வயரை மாற்றினால் திசை மாறும் என்று அவன்தான் சொல்லியிருந்தான். சட்டென்று வயரைப் பிடுங்கினேன், மின்சாரம் இருக்கும்போதே. மாற்றிச் செருகினேன். ஒரு நாற்றம், அவ்வளவுதான். டிரைவர் போய்விட்டது.

"சொன்னேனா? 12 வோல்ட்!" என்று கத்தினேன். அவன் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அவன் ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டான்.

இரண்டு நாள் கழித்து, கோவையில் சிஎன்சி பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் பேசினார். முழுக் கதையும் கேட்டுவிட்டு, "சார், வயரைக் கழட்டும்போது பவர் ஆஃப் பண்ணீங்களா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென அறுத்தால் மின்னழுத்தம் எகிறும். பழைய டியூப்லைட்டின் சோக்கும் அப்படித்தான் வேலை செய்கிறது. அது எனக்குத் தெரிந்த பாடம்தான். 12 வோல்ட்டில் தப்பில்லை, டிரைவர் 35 வரை தாங்கும் என்றார். பலகையை ஒட்டி 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று போடவும் சொன்னார்.

அன்று மாலையே பேரனிடம் சொல்லிவிட்டேன். "தெரியும் தாத்தா" என்றான். பிடுங்கியதைப் பார்த்திருக்கிறான்; நான் பெரியவன் என்று சும்மா இருந்திருக்கிறான். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. வகுப்பில் இப்படி வாயடைத்துப் போனவர்கள் உங்களில் இருந்தால் கமெண்ட்டில் எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புது டிரைவர் நேற்று வந்தது. மின்தேக்கியும் போட்டாயிற்று. வயரைத் தொடும் முன் "ஸ்விட்ச் ஆஃபா தாத்தா?" என்று இரண்டு முறை கேட்டான். பூமி இப்போது மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. கண்காட்சி வெள்ளிக்கிழமை. பக்கத்தில் இருப்பவர்கள் அவசியம் வாருங்கள்.