மடக்குக் கத்தியும் ஒரு ஸ்கேலும்

எங்கள் சனத்துக்குக் கத்தி புதுசல்ல. நெல்லறுக்கக் கருக்கரிவாள், கரும்பு வெட்டக் கத்தி, செத்த மாட்டை உரிக்க ஒன்று, தோலை வார் வாராகக் கிழிக்க ஒன்று. கத்தியைத் தொடாமல் விடிந்து அடைந்த நாள் எங்கள் காலனியில் கிடையாது. ஆனால் அத்தனையும் வேலைக் கத்தி. அதிலும் பெரும்பாலும் அடுத்தவன் வயலுக்கான கத்தி. ஒரு பிள்ளைக்கு ஆசையாக, 'இந்தா, இது உனக்கு' என்று கத்தியைப் பரிசாகக் கொடுத்ததாக எங்கள் தெருவில் நான் கேள்விப்பட்டதில்லை. கையில்கூடக் கொடுக்கமாட்டார்கள். கையோடு கை கொடுத்தால் சண்டை வருமாம். 'கீழ வையி, எடுத்துக்கறேன்' என்பாள் அம்மா.

அப்படிப்பட்ட பரிசு ஒன்றை நான் தேடிப் போகவேண்டி வந்தது. அக்கா மகன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்துவிட்டு ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்திருக்கிறான். எங்கள் வீட்டில் கரும்பு வெட்டப் போகாத முதல் ஆம்பளை அவன்தான். 'என்னடா வேணும்?' என்று கேட்டேன்.

'ஒயர் சீவ ஒரு நல்ல மடக்குக் கத்தி வாங்கிக் குடு சித்தி. பல்லால கடிச்சிக் கடிச்சி பல்லே போயிடும் போலருக்கு.'

அக்கா பதறிப்போனாள். 'ஏண்டா, ஒரு சட்டை கேளு, செருப்பு கேளு. ராத்திரி வேல முடிச்சி வரும்போது போலீசு நிறுத்தி பையத் தொழாவுனா என்னா சொல்லுவ? எவன் வருவான் உன்ன எடுக்க?'

அக்காவுக்கு வயசு நாற்பத்தெட்டு. பதினைந்து வயசிலிருந்து கரும்பு வெட்டுகிறாள். அவள் கையிலிருக்கிற கத்தி இவன் கேட்கிற கத்தியைப்போல மூணு மடங்கு. அதை இடுப்பில் செருகிக்கொண்டு விடியற்காலம் ரோட்டில் நடந்து போவாள். இத்தனை வருசத்தில் ஒரு போலீசுகூட அதை அளந்து பார்த்ததில்லை. ஏனென்றால் அது ரெட்டியார் கரும்புக்குப் போகிற கத்தி. அதே வீட்டுப் பையன் தன் தொழிலுக்கு மூணு அங்குலக் கத்தியைப் பையில் போட்டால் அது ஆயுதம். அக்கா சட்டம் படித்ததில்லை. ஆனால் சட்டம் எங்கே முடிகிறது, சாதி எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியும்.

எனக்குச் சட்டத்தையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இயக்கத்தில் இருக்கிற வழக்கறிஞர் தோழரிடம் உட்கார்ந்து படித்தேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை ஆயுதம் என்ற சொல்லுக்கு வெளியே வைக்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் போட்ட விதிகளின் அட்டவணையில் வாள், குத்துவாள், ஈட்டியோடு கத்தியும் வருகிறது. ஆனால் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் இருக்கவேண்டும். அப்போதும் வீடு, விவசாயம், விஞ்ஞானம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்த கத்திகளுக்கு விலக்கு உண்டு. டெல்லியில் கெடுபிடி அதிகம். 1980இல் போட்ட அறிவிக்கை, ஸ்பிரிங்கில் திறக்கிற கத்தி, பட்டன் கத்தி, வேறு ஏதாவது விசையால் திறந்து மூடுகிற கத்தி ஆகியவற்றைக் குறிவைக்கிறது. அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் மாட்டிக்கொள்ளலாம். 7.62 என்பது சரியாக மூணு அங்குலம்.

'வெளியூர் வேலைக்கும் அனுப்புவாங்க சித்தி, பெங்களூரு, டெல்லின்னு' என்று பையன் சொல்லியிருந்தான். ஆகவே என் கணக்கை டெல்லிக்கே வைத்துக்கொண்டேன். அலகு மூணு அங்குலத்துக்குக் கீழே. பட்டனும் ஸ்பிரிங்கும் கூடாது. நகப்பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இரண்டு கையாலும் திறக்கிற கத்தியாக இருக்கவேண்டும். வேலைக் கத்தி என்று பார்த்த மாத்திரத்தில் தெரியவேண்டும். விமானம் ஏறும் நாள் வந்தால் கையில் வைத்திருக்கிற பையில் போடாமல் சரக்குக்குப் போகிற பெட்டியில் போடச் சொல்லணும். ஒரு கத்தி வாங்க இத்தனை யோசனை. ஐயர் வீட்டுப் பையன் பென்சில் சீவக் கத்தி வாங்கினால் அவன் சித்தி சட்டப் புத்தகத்தைப் புரட்டுவாளா என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னை வந்தபோது பாரிமுனைப் பக்கம் கடை கடையாக ஏறினேன். பொம்பளை போய்க் கத்தி கேட்டால், 'வெங்காயம் வெட்டவாம்மா?' என்கிறார்கள். ஒயர் சீவ என்றதும் ஒரு பெரியவர் மட்டும் அக்கறையாக எடுத்துப் போட்டார். பிரான்சு நாட்டு ஒப்பினெல் இருந்தது. மரக்கைப்பிடி, கழுத்தில் திருகிப் பூட்டுகிற வளையம், கைக்கு அத்தனை இதம். அதில் 8ஆம் எண் அலகு எட்டரை சென்டிமீட்டர். டெல்லிக் கணக்கில் அளவு தாண்டுகிறது. ஆசையோடு திருப்பிக் கொடுத்தேன். விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்தியில் திருப்புளி, கத்திரி, டப்பா திறப்பான் எல்லாம் உண்டு. சின்னது, சட்டத்துக்குத் தொந்தரவில்லை. ஆனால் அவர் காட்டியதில் அலகுக்குப் பூட்டு கிடையாது. ஒயரை அழுத்திச் சீவும்போது அலகு மடங்கினால் விரல் போகும். பிறகு ராம்பூர்க் கத்தி மாதிரி ஒன்றை எடுத்து, 'டக்'கென்று திறந்து காட்டினார். பழைய இந்திப் படத்து வில்லன்கள் கையில் பார்த்த அதே கத்தி. உத்தரப்பிரதேச அரசு 1990களில் அலகு நாலரை அங்குலத்துக்கு மேல் செய்யக்கூடாது என்று தடை போட, ராம்பூரில் அந்தத் தொழிலே நசிந்துபோனது. 'இது வேணாம் ஐயா, இதோட சத்தமே கேசு போட்டுடும்' என்றேன். சிரித்தார்.

கடைசியில் அவரே உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். எலக்ட்ரீஷியன்களுக்கென்றே செய்தது. அலகு கிளிமூக்கு மாதிரி உள்பக்கம் வளைந்திருக்கும். குத்த உதவாது, இழுத்துச் சீவத்தான் உதவும். அலகு திறந்ததும் உள்ளே ஒரு தகடு நகர்ந்து பூட்டிக்கொள்கிறது. நீளம் 7 சென்டிமீட்டர். 'பில்லு போட்டுக் குடுங்க ஐயா. பில்லுல எலக்ட்ரீஷியன் கத்தின்னு எழுதுங்க. அளவும் எழுதுங்க' என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுதிக் கொடுத்தார். அங்கேயே ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் ஒன்றும் வாங்கினேன்.

ஸ்கேல் எதற்கு என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு திருவிழாக் காலத்தில், எங்கள் பகுதிச் சக்கிலியர் தெருப் பையன் ஒருவனைப் பிடித்து வைத்திருப்பதாகச் சேதி வந்து ஸ்டேஷனுக்குப் போனோம். அப்பனுடைய செருப்புத் தைக்கிற பையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனவன் அவன். பையில் ஊசி, மெழுகு நூல், தோல் சீவுகிற கத்தி. எழுத்தர், 'சுமார் ஒரு அடி நீளமுள்ள பயங்கரக் கத்தி' என்று எழுதிக்கொண்டிருந்தார். கத்தி மேசைமேல்தான் கிடந்தது. பிடியோடு சேர்த்தே ஒரு சாண் வராது. 'சார், ஒரு ஸ்கேல் வச்சிப் பாருங்க' என்றேன். ஸ்டேஷனில் ஸ்கேல் இல்லை என்றார்கள். பக்கத்துக் கடையில் போய் வாங்கிவந்து வைத்தோம். அலகு மூன்றரை அங்குலம். அன்றைக்குப் பையனை விட்டார்கள். கத்தியைத் தரவில்லை. மறுநாள் அவன் அப்பன் தொழில் செய்யக் கத்தியில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

கத்தியின் அளவை இவர்கள் அலகில் பார்ப்பதில்லை. பிடித்திருக்கிற கையில் பார்க்கிறார்கள். அந்தக் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பார்த்து அங்குலம் கூடும், குறையும். வீச்சரிவாளோடு படம் போட்டு பேனர் வைக்கிறவன் வீரப்பரம்பரை. தோல் கத்தியோடு போகிறவன் கொள்ளையடிக்கச் சதி செய்தவன்.

எங்களிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்கியது நேற்று வந்த காக்கிச்சட்டை அல்ல. நால்வருண முறை அடியில் இருந்தவர்களுக்கு ஆயுதத்தை மறுத்தது, அதனால்தான் அவர்களால் கலகம் செய்ய முடியவில்லை என்று 1936இல், 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் அம்பேத்கர் எழுதினார். சிலருக்குச் சட்டமே விலக்குத் தருகிறது. சீக்கியர் கிர்பான் வைத்துக்கொள்வதை அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மத உரிமையாக ஏற்கிறது. குடகர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கொடுத்த துப்பாக்கி உரிம விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கொடுக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் எங்களுக்கும் ஒரு வரி இருக்கிறது என்பது எத்தனை தோழர்களுக்குத் தெரியும்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதற்கு 1995இல் விதிகள் போட்டார்கள். மூன்றாவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் அல்லாதவர்களின் ஆயுத உரிமத்தை ரத்து செய்து ஆயுதத்தை அரசுக் கிடங்கில் வைக்கவேண்டும். தேவைப்பட்டால் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கவேண்டும். இது சட்டம் சொல்வது, நான் சொல்வதல்ல. இந்த விதி வந்து இரண்டு வருசத்தில், 1997 ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் கூட இருந்தவர்களும் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வெட்டியவர்களின் அரிவாளை முன்கூட்டி எவரும் அளக்கவில்லை.

இதைச் சொல்வதால் எங்கள் பிள்ளைகள் அரிவாள் தூக்கணும் என்று நான் கேட்பதாக யாரும் திரிக்கவேண்டாம். துப்பாக்கி உரிமம்வரை பேசுகிற ஒரு சட்டம் இருக்கிற நாட்டில், ஒயர் சீவுகிற கத்திக்கு என் அக்கா பயப்படுகிறாளே, அதைத்தான் கேட்கிறேன். கருவி வைத்திருப்பது தொழிலாளியின் உரிமை. அதைப் பயமில்லாமல் வைத்திருப்பது மனுச உரிமை.

பரிசை ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன். கீழே வைக்கவில்லை, அவன் கையிலேயே கொடுத்தேன். திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தான். அலகு பூட்டிக்கொள்ளும்போது முகம் மலர்ந்துபோனது. பழைய ஒயர்த் துண்டு ஒன்றை எடுத்து உள்ளே செம்பில் ஒரு கீறல் விழாமல் மேல்தோலை மட்டும் உருவிக் காட்டினான். அக்கா குனிந்து பார்த்தாள். 'நல்லாத்தான் கீது' என்றாள், பயம் போகாமலேயே.

அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான். கத்தி எப்போதும் கருவிப்பையில் மற்ற சாமான்களோடு இருக்கட்டும், சட்டைப்பையில் தனியாக வேண்டாம். பில்லின் ஜெராக்சும் ஐ.டி.ஐ. சான்றிதழின் ஜெராக்சும் ஸ்கேலும் அதே பையில் இருக்கட்டும். நிறுத்தினால் நீயாகக் கத்தியைத் திறக்காதே, பையைக் கொடு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கிற புதிய நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோவில் பதிவு செய்யணும் என்கிறது. அதை மரியாதையாகக் கேள். எழுதுகிற காகிதத்தில் அளவை ஸ்கேல் வைத்து எழுதச் சொல். கையெழுத்துப் போடுவதற்கு முன் படி.

தோழர்களே, ஸ்டேஷனுக்கு மனுவோடு போகிறவர்கள் பையில் ஒரு ஸ்கேலும் வைத்துக்கொள்ளுங்கள். 'சுமார்' என்ற சொல்லுக்குள் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.